35-க்கும் 31-க்கும் நடுவே

பொதுத்தேர்வு என்றதும் பிள்ளைகளின் பதற்றமும் பெற்றோரின் கவலையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். அதே தேர்வு, கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்பவரை என்ன செய்கிறது என்று இன்று கொஞ்சம் பேசலாம். அரசுப் பள்ளியில் நெடுங்காலம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள் நான். ஆகவே கணக்கு டீச்சரின் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். மற்ற பாட ஆசிரியர்கள் தங்கள் பாடத்துக்குப் பொருத்திக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் 100 மதிப்பெண்ணுக்கு. தேர்ச்சிக்கு 35 வேண்டும். அறிவியலில் செய்முறைக்கென்று 25 தனியாக இருக்கிறது. கணக்கில் அந்தக் கைத்தாங்கல் கிடையாது. தொடக்கத்தில் 14 ஒரு மதிப்பெண் கேள்விகள். கடைசியில் எட்டு மதிப்பெண்ணுக்கு வடிவியல், எட்டு மதிப்பெண்ணுக்கு வரைபடம். பிள்ளைகள் வாயில் அவை ஜாமெட்ரி, கிராப். 14-ம் 16-ம் சேர்ந்தால் 30. நடுவில் மூன்று இரண்டு மதிப்பெண் கணக்கைச் சரியாகப் போட்டால் 36. பையன் கரையேறிவிட்டான்!

இந்தக் கூட்டல் எங்களுக்கு மனப்பாடம். பொங்கல் விடுமுறை முடிந்தால், மெல்லக் கற்கும் பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து இதையே திரும்பத் திரும்பப் போடவைப்போம். காலையில் ஒரு ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஒன்று, நடுவில் திருப்புதல் தேர்வு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த 36 ஒரு பிள்ளையைப் பிளஸ் ஒன்னிலோ, ஐ.டி.ஐ.யிலோ, பாலிடெக்னிக்கிலோ கொண்டு சேர்க்கும். அது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த ஓட்டத்தில் என்ன விட்டுப்போகிறது தெரியுமா? ஜாமெட்ரியிலிருந்தே ஒன்று சொல்கிறேன். கையில் பென்சிலும் தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் இருப்பவர்கள் மனசுக்குள் வரையுங்கள், போதும்.

8 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு. அது முக்கோணத்தின் அடிப்பக்கம். எதிரே இருக்கிற உச்சிக்கோணம் 60 டிகிரி என்று கொடுத்திருப்பார்கள். கோட்டின் ஒரு முனையில் கீழ்நோக்கி 60 டிகிரி எடுத்து, அந்தப் புதுக் கோட்டுக்கு அதே முனையில் ஒரு செங்குத்து வரைய வேண்டும். அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோடு அதை வெட்டும் இடம்தான் வட்டத்தின் மையம். அங்கே காம்பஸ் முள்ளை ஊன்றி, அடிப்பக்கத்தின் இரு முனைகள் வழியாக வட்டம் போடுகிறோம். அடிப்பக்கத்துக்கு மேலே இருக்கிற பெரிய வில்லில்தான் உச்சிப்புள்ளி உட்காரும். எட்டு மதிப்பெண்ணுக்கு இவ்வளவும், உதவிப்படமும், வரைமுறையும் எழுதினால் ஆயிற்று.

ஒரு வருடம் ஸ்பெஷல் கிளாஸில் ஒரு பையன் இதை முடித்துவிட்டு, அந்த வில்லின் மேல் கண்ட இடத்திலெல்லாம் புள்ளி வைத்துக் கோணமானியால் அளந்துகொண்டிருந்தான். அப்பாவுக்குத் தச்சு வேலை. வாரக் கடைசியில் இவனும் பட்டறைக்குப் போவான், அளவெடுப்பதில் அப்படி ஒரு பழக்கம். திடீரென்று எழுந்து, "டீச்சர், எங்க வெச்சாலும் 60 தான் வருது. ஏன் டீச்சர்?" என்றான்.

நேயர்களே, ஒரு கணக்கு டீச்சர் காலமெல்லாம் காத்திருப்பது இந்த "ஏன்" என்ற கேள்விக்குத்தான்! அன்று மாதிரித் தேர்வைத் தள்ளிவைத்தேன். வட்ட மையத்தை அடிப்பக்கத்தின் இரு முனைகளோடும் சேர்க்கச் சொன்னேன். மையத்தில் அளந்தால் 120. வில்லில் 60. புள்ளியை வில்லில் எங்கே நகர்த்தினாலும் மையக்கோணம் மாறவில்லை. வில்லில் இருப்பது எப்போதும் அதில் பாதி. ஏன் பாதி என்பதை இரண்டு இருசமபக்க முக்கோணம் போட்டுக் காட்டினேன். "இது தேராத கூட்டம்" என்று தனியே உட்காரவைத்த பிள்ளைகள்தான், மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

இப்படி ஒரு வகுப்பு கிடைத்தால் ஆசிரியருக்கு மாதக்கணக்கில் தெம்பு இருக்கும். ஜனவரிக்குப் பிறகு அப்படி வகுப்பு எடுக்கவே பயமாக இருக்கிறது என்பதுதான் என் வருத்தம். பாடத்தின் ருசியைப் பிள்ளைக்குக் காட்டுகிற நேரத்தில், ஒரு மதிப்பெண் போய்விடுமோ என்று டீச்சரின் கண் கடிகாரத்துக்குப் போகிறது.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது அவளுக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாது. 302-லிருந்து 147 என்றால் விழித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு வருடம் கூடவே உட்கார்ந்தோம். பொதுத்தேர்வில் அவள் எடுத்தது 31. பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே தோல்வி என்றிருந்தது. என்னைக் கேட்டால், அந்த 31-க்குப் பின்னால் இருக்கிற உழைப்பு, அதே வகுப்பில் 98 எடுத்த பிள்ளைக்கு நான் கொடுத்ததைப் போலப் பல மடங்கு. துணைத்தேர்வில் அவள் தேறிவிட்டாள். ஆனால் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு மே மாதமே எழுதி முடிந்துவிட்டதே!

முடிவு வந்த பிறகு ஆய்வுக் கூட்டம் நடக்கும். நூறு விழுக்காடு காட்டிய பாட ஆசிரியருக்குப் பாராட்டு. குறைந்தவர் எழுந்து நிற்க வேண்டும். அந்த வருடம் நானும் நின்றேன். "ஏன் குறைந்தது?" என்று கேட்டார்கள். விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அந்தப் பெண் எங்கே ஆரம்பித்தாள் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்றவர் பணிக்குப் புதிதாக வந்த பெண். கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்பில், "அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன் அக்கா" என்றார். அருமையாகப் பாடம் எடுப்பவர் அவர். இந்த இழப்பு எந்தப் பட்டியலிலும் வராது.

இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்றது 2009-இன் கல்வி உரிமைச் சட்டம். அது நல்லது. ஆனால் பத்தாம் வகுப்பின் விழுக்காட்டைக் காப்பாற்ற, ஒன்பதிலேயே பின்தங்கியவர்களைக் கழித்துவிடும் எண்ணம் சில இடங்களில் தலைதூக்குகிறது. எண்ணிக்கைக்காகப் பிள்ளையை இழக்கச் சொன்னால் எந்த ஆசிரியருக்கு மனம் ஒப்பும்?

நேரம் நெருங்கிவிட்டது. மாற்றமே வராமல் இல்லை. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பு நின்றது. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-ல் வந்த ஆணை, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வும் 2025-26 முதல் இல்லை. இன்னும் ஒரு படி போகலாம். தேர்ச்சி விழுக்காட்டோடு, பிள்ளை எங்கே தொடங்கி எங்கே வந்தது என்பதையும் பள்ளிகள் பதியட்டும். ஆய்வுக் கூட்டத்தில் முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று இருக்கட்டும். துணைத்தேர்வில் தேறியவர்களையும் அந்தப் பள்ளியின் கணக்கில் சேர்க்கட்டும்.

கேட்டுக்கொண்டிருக்கிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனால், "எத்தனை சென்டம் டீச்சர்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எந்தப் பிள்ளை இந்த வருஷம் நல்லா முன்னேறியிருக்கு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல எங்கள் ஆசிரியர்களுக்கு நிறைய இருக்கிறது. அதைக் கேட்க ஆள் இருந்தால், பத்தாம் வகுப்பு எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்குகிற ஆசிரியர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.