மேனாட்டுச் சோதிடமும் தமிழ்ப் பஞ்சாங்கமும்

(சின்னாளப்பட்டியில் கவிஞர்கள் கூடிய அமர்வில் நிகழ்த்திய உரை)



ஏப்ரல் 5ஆம் நாள், சின்னாளப்பட்டியில் ஒரு தறிக்காரர் வீட்டில் பெண் குழந்தை பிறக்கிறது என்று கொள்ளலாம். அது பங்குனித் திங்கள். ஊர்ச் சோதிடர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, ஞாயிறு மீனத்தில் நிற்பதாகக் கட்டத்தில் எழுதுவார். அப்பெண் வளர்ந்து, கல்லூரி நூலகத்தில் ஆங்கில இதழொன்றின் பலன் பக்கத்தைப் பார்க்கும்போது, தனக்குரியது மேடம் என்று அங்கே அச்சாகியிருக்கும். இரண்டில் எது மெய்? இவ்வினாவைத் தொடர்ந்து சென்றாலே மேனாட்டுச் சோதிடத்தின் அடிப்படைகள் பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதற்குழப்பம் சொல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒருவரை "உமக்கு என்ன ராசி?" என்று வினவினால், பிறந்தபோது திங்கள் நின்ற வீட்டையே அவர் சொல்வார். மேனாட்டில் அதே வினாவுக்கு ஞாயிறு நின்ற வீடே விடை. திங்கள் ஒரு வீட்டை ஏறத்தாழ இரண்டேகால் நாளில் கடந்துவிடும். ஞாயிற்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பிறந்த தேதி ஒன்றே போதும் என்பதனால் ஞாயிற்று வீடு செய்தித்தாளுக்கு மிக எளிது. 1930 ஆகஸ்டில் இங்கிலாந்தின் இளவரசி மார்கரெட் பிறந்தபோது, நெய்லர் என்பார் 'சண்டே எக்ஸ்பிரஸ்' இதழில் அக்குழந்தையின் பலனை எழுதினார். வாசகர் அதனை விரும்பவே, தேதிவாரியாகப் பலன் சொல்லும் பத்திகள் பெருகின. முறையாகக் கற்ற மேனாட்டுச் சோதிடர்கள் அப்பத்திகளைப் பெரிதாக மதிப்பதில்லை என்பதையும் இங்கே குறிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது குழப்பமே ஆழமானது. வான வட்டத்தை முப்பது முப்பது பாகையாகப் பன்னிரண்டாக வகுப்பதில் இரு முறைக்கும் வேற்றுமை இல்லை. எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில்தான் வேற்றுமை. ஒரே பாவினை இருவர் அளக்கும்போது, ஒருவர் முனையிலிருந்தும் மற்றவர் சில முழம் தள்ளியும் அளவுகோலை வைப்பது போன்றது இது. மேனாட்டார், பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20 அல்லது 21ஆம் நாளில் ஞாயிறு நிற்கும் புள்ளியை மேடத்தின் தொடக்கம் என்கின்றனர். அவர்களுடைய வீடுகள் பருவத்தோடு கட்டுண்டவை. தமிழ்ப் பஞ்சாங்கமோ விண்மீன்களை நோக்கித் தன் தொடக்கத்தை வைத்திருக்கிறது. சித்திரை முதல் நாள், அதாவது ஏப்ரல் 14 அளவில், ஞாயிறு மேடத்துள் புகுகிறது.

இவ்விரு புள்ளிகளும் ஒருகாலத்தில் ஒன்றாக இருந்தவை. பூமியின் அச்சு, சுழன்று தளரும் பம்பரத்தின் தலைபோல மெல்ல வட்டமிடுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 25,800 ஆண்டுகள். ஆதலால் சமநாட்புள்ளி விண்மீன்களுக்கிடையே 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்கிறது. கிரேக்கரான ஹிப்பார்க்கஸ் கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே இதனைக் கண்டார். இந்திய அரசு ஏற்றுக்கொண்ட கணக்கின்படி, ஏறத்தாழ கி.பி. 285இல் இரு தொடக்கங்களும் பொருந்தியிருந்தன. இன்று இடைவெளி 24 பாகையைத் தாண்டிவிட்டது. அதற்குப் பஞ்சாங்கக்காரர் வழங்கும் பெயர் அயனாம்சம். இதன் விளைவாக மாதத்தில் ஐந்தாறு நாட்களில் பிறந்தோர்க்கு மட்டுமே இரு முறையிலும் ஞாயிற்று வீடு ஒன்றாக அமையும். ஏனையோர்க்கு ஒரு வீடு தள்ளியே நிற்கும். ஏப்ரல் 5ஆம் நாள் பிறந்த பெண்ணுக்கு மீனமும் பொய்யன்று, மேடமும் பொய்யன்று. இரண்டும் இருவேறு அளவைகளின் பெயர்கள்.

இதில் வியப்பு என்னவெனில், மேனாட்டு அளவை தமிழ் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் முன்பே இருக்கிறது. நிலநூலில் வரும் கடகரேகை, மகரரேகை ஆகிய பெயர்கள் அவ்வளவையின்படி வந்தவையே. ஜூன் 21 அளவில் ஞாயிறு கடகரேகைக்கு நேர் உச்சியில் நிற்கும். அன்று மேனாட்டுக் கணக்கில் ஞாயிறு கடகத்துள் புகுகிறது. அதே நாளில் திண்டுக்கல் வீடுகளில் தொங்கும் நாட்காட்டியோ ஆனி என்று காட்டும். ஞாயிறு மிதுனத்தில் இருக்கும். தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்று வழங்குவதும் இத்தகையதே. ஞாயிறு உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளில். மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இந்த இடைவெளியை எடுத்துக்காட்டியது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய நாட்காட்டி, ஆண்டைச் சமநாளுக்கு மறுநாள் தொடங்குகிறது. அரசிதழின் தலைப்பில் அத்தேதி அச்சாகிறது. மக்களோ சித்திரையை விட்டுக்கொடுக்கவில்லை.

இனி, இரு முறைகளின் உறவு. மேனாட்டுச் சோதிடம் என்றதும் அது ஏதோ கப்பலேறி நேற்று வந்த பொருள் என்று நினைப்பது பொருந்தாது. பன்னிரு வீட்டுப் பகுப்பு பாபிலோனில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டளவில் உருப்பெற்றது. கிரேக்கர் அதனைப் பெற்று, பிறப்பு நேரத்தில் கீழ்வானில் எழும் வீடாகிய இலக்கினம் முதலியவற்றைச் சேர்த்துச் சாதகக் கலையாக வளர்த்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தாலமி அதனை நூலாக வகுத்தார். ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் யவனரின் கலையை மதித்தே எழுதுகிறார்; அவர் நூலில் மேடத்துக்குக் 'கிரியம்', இடபத்துக்குத் 'தாவுரி' என்று கிரேக்கப் பெயர்களே வருகின்றன. கேந்திரம், திரிகோணம், ஓரை என்று ஊர்ச் சோதிடர் நாள்தோறும் சொல்லும் சொற்களும் கிரேக்க உறவுடையவை. தமிழும் ஒதுங்கி நிற்கவில்லை. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலுக்கு மேல் விரித்த விதானத்தில், ஆட்டினை முதலாகக் கொண்ட வீடுகளில் ஞாயிறு திரிவதும், திங்களைப் பிரியாத உரோகிணியும் ஓவியமாக இருக்கின்றன. தலைவனைப் பிரிந்தவள் அவ்வோவியத்தைப் பார்த்துப் பெருமூச்செறிகிறாள். வான்கணக்கு கவிதையாக மாறிய இடம் இதனினும் சிறந்ததாய் வேறொன்று தேடவேண்டியதில்லை.

புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே, ஏட்டில் ஒன்றும் எழுதாமல் சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் தம் 'காலசங்கலித' நூலில் (1825) பதிவு செய்துள்ளார். அவ்வாக்கியங்களில் திங்களுக்குரியவை 248; திங்கள் தன் வேக மாற்றத்தில் ஒன்பது சுற்றுகளை முடிக்க ஆகும் நாட்கள் அவை. அறிஞர் நாய்கெபவர் 1952இல் இம்முறையை ஆராய்ந்து, அதன் வேர் பாபிலோனியரின் எண் கணக்கில் இருப்பதை விளக்கினார். இலண்டன் சோதிடரின் வட்டமும் வாக்கியப் பஞ்சாங்கமும் ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள் எனலாம்.

மற்ற வேற்றுமைகளைச் சுருங்கச் சொல்லலாம். மேனாட்டில் சாதகம் சதுரக் கட்டமன்று, வட்டம். இருபத்தேழு விண்மீன்களும் தசாபுத்தியும் அங்கில்லை. கோள்களின் பார்வையைத் தமிழ்ச் சோதிடர் வீடுகளை எண்ணிச் சொல்வர். மேனாட்டார் 60, 90, 120, 180 என்று பாகையால் அளப்பர். நெருப்பு, நிலம், காற்று, நீர் என வீடுகளை மும்மூன்றாகப் பிரித்து இயல்பு கூறுவதை அவர்கள் பெரிதும் போற்றுவர். 1781இல் கண்ட யுரேனஸ், 1846இல் கண்ட நெப்டியூன், 1930இல் கண்ட புளூட்டோ ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டனர். 2006இல் வானியலார் புளூட்டோவைக் குறுங்கோள் என்று தரமிறக்கிய பின்னும் சோதிடர் அதனைக் கைவிடவில்லை. பலிக்குமா என்றால், 1985இல் 'நேச்சர்' இதழில் ஷான் கார்ல்சன் வெளியிட்ட சோதனை ஒன்றைச் சொன்னால் போதும். சாதகத்தைப் பார்த்து, மூன்று ஆளியல்புக் குறிப்புகளுள் உரியவருடையதைச் சோதிடர் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று என்ற குருட்டாம்போக்குக்கு மேல் அவர்களால் போக இயலவில்லை. திருமணப் பொருத்தம் பார்த்துப் பெண்களை வீட்டில் நிறுத்திவைப்போர் இதனை அறிந்திருத்தல் நலம்.

ஆயினும் இலக்கிய அன்பர்கள் இக்கலையின் அடிப்படையை அறியவேண்டியதற்கு வலுவான காரணம் ஒன்றுண்டு, அது ஓரை. பழையோர் எழுவரையும் மெதுவாகச் செல்வோர் முதலாகச் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என்று வரிசைப்படுத்தினர். நாளின் 24 மணியையும் இவ்வரிசையில் ஒவ்வொருவர்க்கும் ஒன்றாகப் பங்கிட்டு, முதல் மணிக்குரியவர் பெயரை நாளுக்கு வைத்தனர். சனியில் தொடங்கினால் இருபத்தைந்தாம் மணி ஞாயிற்றுக்கு வரும், அதுவே மறுநாள். ஞாயிற்றிலிருந்து எண்ணினால் திங்கள் வரும். கிழமைகளின் விந்தையான வரிசைக்கு இதுவே காரணம். ஆகவே கிழமைப் பெயர் வழங்கும் இடத்தில், அறிந்தோ அறியாமலோ, இந்தச் சோதிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள்.

சிலப்பதிகாரம் மதுரை எரிந்த நாளை, ஆடித் திங்கள், தேய்பிறை எட்டாம் நாள், கார்த்திகை விண்மீன், வெள்ளிக்கிழமை என்று குறிக்கிறது. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கணித்து, அது கி.பி. 756 ஜூலை 23 என்றார். அந்நாள் வெள்ளிக்கிழமையே, தேய்பிறை எட்டும் பொருந்துகிறது. ஆனால் இத்தகைய பொருத்தம் ஒரே ஆண்டுக்கு மட்டும் உரியதன்று. எதனைத் தேர்வது என்பதை வேறு சான்றுகளே முடிவு செய்யவேண்டும். கயவாகு மன்னனைக் கொண்டு காப்பியத்தை இரண்டாம் நூற்றாண்டில் வைப்போர்க்கு அவ்வெள்ளிக்கிழமை ஓர் இடர். இந்தியக் கல்வெட்டுகளில் காலம் உறுதியான முதற்கிழமை, மத்தியப் பிரதேசத்து எரண் தூணில் கி.பி. 484க்குரியதாக வரும் வியாழக்கிழமை. மறுபுறம், கி.பி. 79இல் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரச் சுவரில் கிழமைத் தெய்வங்களின் பெயர்ப் பட்டியல் கீறப்பட்டிருக்கிறது. அக்காலத்து உரோமக் கலங்கள் முசிறிக்கு வந்துகொண்டிருந்தன. மிளகு ஏற்றிச் சென்ற கப்பலில் வெள்ளிக்கிழமையும் வந்து இறங்கியிருக்கலாம் அல்லவா என்று கேட்போரை எளிதில் மறுக்க இயலாது. ஆனால் இறங்கியது என்பதற்கு ஒரு பானை ஓட்டெழுத்தேனும் காட்டப்படும் வரையில், எரண் தூணின் சாட்சியே கனமாக நிற்கிறது.