கருங்காய்ச்சல் ஆராய்ச்சி நமக்குக் கற்பிப்பது
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

    

கல்வியின் மேன்மையை முன்னர்ப் பேசியோர் எடுத்துரைத்துவிட்டனர். நாம் ஒரு நோயைப் பற்றியும், அதன் மூலத்தை அறிய நாற்பதாண்டுக் காலம் நடந்த ஆராய்ச்சியைப் பற்றியும் சில சொற்கள் கூற விழைகின்றோம். அவ்வாராய்ச்சியின் முக்கியமான ஒரு கட்டம் அயல்நாட்டில் நிகழ்ந்ததன்று. கும்மிடிப்பூண்டியில் ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால் எதிரே தெரியும் அரசுப் பொது மருத்துவமனையில் நிகழ்ந்தது.

அந்நோய்க்குக் காலா அசார் என்று பெயர். கருங்காய்ச்சல் என்று பொருள். மாதக்கணக்கில் காய்ச்சல் விடாது. மண்ணீரல் வீங்கி வயிறு பானைபோல் பருக்கும்; கைகால்கள் குச்சியாகும்; மேனி கறுக்கும். மருந்தில்லையேல் பெரும்பாலும் மரணமே முடிவு. வங்கத்திலும் அசாமிலும் ஊர் ஊராக மக்களை வாரிச் சென்ற இந்நோய் அந்நாளில் சென்னை நகரிலும் இருந்தது. முற்றிய மலேரியா என்றே மருத்துவர் பலர் கருதினர். கொயினா கொடுத்தனர், பயனில்லை.

1903ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் டானவன், இறந்த நோயாளியின் மண்ணீரலில் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். அவ்வாண்டு மே மாதம், டம்டமில் நோயுற்று இங்கிலாந்தில் இறந்த படைவீரர் ஒருவரிடம் தாம் கண்ட இத்தகைய உருண்டைகளைப் பற்றி வில்லியம் லீஷ்மன் எழுதினார். அவை கிருமிகளா, இறந்தபின் உடலில் தோன்றும் சிதைவா என்ற ஐயம் இருந்தது. ஜூன் 17ஆம் நாள் டானவன், உயிருடன் இருந்த 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலில் ஊசி செலுத்திக் குருதி எடுத்து ஆராய்ந்தார். அதிலும் அவை இருந்தன. ஐயம் அகன்றது. ரொனால்டு ராஸ் அக்கிருமிக்கு இருவர் பெயரையும் இணைத்து லீஷ்மேனியா டானவானி என்று பெயரிட்டார்.

பரப்புவது எது? மூட்டைப்பூச்சி என்றார் சென்னையில் ஆய்ந்த பேட்டன். அது பிழையாயிற்று. கொசுவினும் சிறிய மணல் ஈயின் குடலில் இக்கிருமி வளர்வதை 1924இல் கல்கத்தாவில் கண்டனர். ஆயினும் அது கடித்து மனிதருக்கு நோய் வருவதை நிறுவ முடியவில்லை. பின்னர், குருதி உண்ட ஈக்களுக்கு உலர்ந்த திராட்சையை ஊட்டினால் கிருமிகள் பெருகித் தொண்டையை அடைக்கும் என்று கண்டறிந்தனர். அவ்வழியே சென்று, 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும், தாமாக முன்வந்த ஐவரை ஈக்கள் கடிக்கச் செய்து உண்மையை மெய்ப்பித்தனர். இதற்கு முன்னரே, 1920களில், குழாய் நீரும் மின்விளக்கும் இல்லாத கல்கத்தாச் சிற்றறையில் உழைத்து, யூரியா ஸ்டிபமின் என்னும் மருந்தை அளித்திருந்தார் உபேந்திரநாத் பிரம்மச்சாரி.

இளைஞர்களே! லீஷ்மன் பெயர் கிருமியில் இருக்கின்றது. டானவன் பெயரும் இருக்கின்றது. குருதி தந்த சிறுவனையோ வயதைக் கொண்டு மட்டுமே நூல்கள் குறிக்கின்றன. உடலைத் தந்தவன் ஏழை. பெயர் பெற்றவன் படித்தவன். டானவனை நாம் குறை கூறவில்லை. அவர் உழைப்பு போற்றத்தக்கது. நுண்நோக்கியின் ஒரு பக்கத்தில் மட்டுமே நம்மவர் எத்தனை காலம் இருப்பது என்பதே நம் கேள்வி.

மணல் ஈ ஈரமண்ணிலும், மண்சுவர் வெடிப்பிலும், மாட்டுக்கொட்டிலிலும் இனப்பெருக்கம் செய்வது. ஆகவேதான் பீகாரில் இந்நோய் முசகர் என்னும் தலித் மக்களைப் பெரிதும் வருத்தியது. ஈ சாதி பார்ப்பதில்லை. ஆனால் மண்குடிசையில் வாழும்படி மக்களைத் தள்ளியது சாதி. நம் பகுதியையும் பாருங்கள். தொழிற்பேட்டை வளர்ந்தது, நம் தெருக்களில் கழிவுநீர் தேங்குவது நின்றதா? அத்தேக்கத்தில் வளரும் க்யூலெக்ஸ் கொசுவே யானைக்கால் நோயைப் பரப்புவது. கால் வீங்கியதால் வெட்கி, பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட மாணவன் ஒருவனை நாம் அறிவோம். அவன் வீட்டிற்கு இருமுறை சென்றோம். கதவின் பின்னிருந்து வெளிவரவில்லை. அவனை மீட்க இயலாமற் போனது இன்றும் நம்மை உறுத்துகின்றது.

ஆகவே நான்கு வேண்டுகோள்கள். யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரை வழங்கப்பெறும்போது வாங்கி வைக்காமல் விழுங்குங்கள். இரவில் குருதிச் சோதனைக்கு வந்தால் கதவடைக்காதீர்கள். வடிகால் கேட்டு மனு எழுதுவதைப் படித்த இளைஞர்கள் கடமையாகக் கொள்ளுங்கள். நான்காவது, சங்கத்தாருக்கு: விழாச் செலவு போக மிஞ்சும் தொகையில் நம் மாலை நேரப் பாடசாலைக்கு நுண்நோக்கி ஒன்று வாங்குங்கள். நாம் பணியாற்றிய ஒரு பள்ளியில் அக்கருவி பீரோவுக்குள் பூட்டியே கிடந்தது. உடைந்துவிடும் என்ற அச்சம். நம்முடையது உடைந்தாலும் குற்றமில்லை. நம் பிள்ளைகளின் கை பட்டு உடையட்டும்.

பொன்விழா மேடையில், நம் தெருப் பிள்ளை ஒருவர் ஆராய்ச்சியாளராக நின்று பேச வேண்டும். அவர் பெயரை அன்று அழைப்பிதழில் அச்சிட வேண்டும். அதற்கான வேலையை இன்றே தொடங்குவோம்.