பிள்ளைத்தமிழுக்கு ஒரு பனிப்பருவம்



ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். தேர் தெருவைக் கடந்து செல்லும். ஊசலோ எத்துணை உயர்ந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே மீளும்.

நார்வே நாட்டில் இரு சிறுமியர் வாழும் இல்லம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். குளிர்கால ஞாயிறுகளில் தாய் சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு தேய்க்கிறார். தந்தை ஆரஞ்சுப் பழங்களைப் பையில் இடுகிறார். தொடக்கத்தில் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஊன்றுகோல் தருவதில்லை. உடலே சமநிலையைக் கற்க வேண்டும். மேடு ஏறுகையில் கட்டைகளை மீன்முள்போல விரித்து வைக்கின்றனர். இறங்குகையில் முனைகளைக் கூட்டி வேகம் தணிக்கின்றனர். இம்முறைக்கு அந்நாட்டார் இட்ட பெயர் 'ஏர்' என்பதே. மூத்தவள் விழுந்தெழுவதைக் கண்டு இளையவள் எழக் கற்கிறாள்.

அச்சரிவுகளும் பெண்களுக்கு எளிதில் திறக்கவில்லை. குளிர்கால ஒலிம்பிக் 1924இல் தொடங்கியது. பெண்களுக்கான நெடுந்தொலைவுப் பனிச்சறுக்கு 1952இல் ஆஸ்லோவில்தான் இடம்பெற்றது; பனித்தாவலுக்கோ 2014 வரை, 90 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

நார்வேயில் குடியேறிய தமிழரின் பெண்மக்களும் இன்று அப்பனியில் விழுந்தெழுகின்றனர். அவர்களைப் பாட ஊசல் போதாது. கவிஞர்களே, புதியதொரு பருவம் வகுத்துத் தாருங்கள். விழுதலும் எழுதலும் அதன் பாடுபொருளாகட்டும்.