ஆர்மோனியத்தை மூடிய பிறகு

(பங்கின் யூபிலி விழாவையொட்டி, பாடற்குழுப் பிள்ளைகளின் பெற்றோர் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாட்டு வாத்தியாரை மேடையில் ஏற்றினால் பாடச் சொல்வதுதான் வழக்கம். பங்குத்தந்தை அவர்கள் என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு இசை கற்பிப்பது பற்றிப் பேசுங்கள் என்று தலைப்பும் தந்தார்கள். ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வதை நீங்கள் ஞாயிறுதோறும் கேட்கிறீர்கள். அதன் குறைநிறைகளை என்னைவிட நன்றாகவே அறிவீர்கள். ஆகவே பெட்டியை மூடிய பிறகு நடக்கவேண்டியதைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு. ஆண்டு முழுவதும் ஒரு வாரம் விடாமல் நடத்தினாலும் 52 மணி நேரம், அதாவது இரண்டு நாளும் நான்கு மணியும். இரண்டு நாள் பழகியவரை நமக்குத் தெரிந்தவர் என்று நாம் சொல்வோமா? ஆனால் பிள்ளையைப் பற்றி மட்டும், "இவனுக்குத் தாளம் நிற்காது", "இவளுக்குக் குரல் எழும்பாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

நம் முன்னோர் இப்படிக் கற்பிக்கவில்லை. குருகுலவாசம் என்றால் மாணவன் ஆசிரியரோடு தங்கி, உண்டு, உறங்கி, கச்சேரிக்குக் கூடவே போய்க் கற்பது. நம் ஜில்லாவிலேயே சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள காருகுறிச்சியில் 1921-இல் பிறந்தவர் நாதசுர மேதை அருணாசலம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையிடம் அவர் கற்றது பலகையில் எழுதிப் போட்ட பாடமல்ல. குருவின் பக்கத்தில் அமர்ந்து, கூட வாசித்தே கற்றார். 1962-இல் வெளிவந்த "கொஞ்சும் சலங்கை" படத்தில் ஜானகியம்மாளின் குரலோடு அவருடைய நாதசுரம் போட்டியிடுவதைக் கேளாத காது நம் பக்கத்தில் உண்டா? 1964-இல் 43 வயதுக்குள் அவர் மறைந்தது நம் துரதிருஷ்டம்.

குருகுலத்தில் எல்லாம் நன்மையே என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீர் இறைத்தும் துணி துவைத்தும் ஆண்டுகளைக் கழித்துப் பாடம் பெறாமலே திரும்பியவர்களும் உண்டு. எந்தச் சாதிப் பிள்ளை எந்த வாசலைத் தாண்டலாம் என்ற கணக்கும் அங்கே இருந்தது. அதையெல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டாம். ஆனால் பையன் சாப்பிட்டானா, இரவு தூங்கினானா, அவன் வீட்டில் என்ன துக்கம் என்பது அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். அது எனக்குத் தெரியாமல் போன ஒரு கதையை இப்போது சொல்லுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. வேறு ஊர், வேறு பங்கு. ஆகவே யாரும் பக்கத்து வீட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

அங்கே பாடற்குழுவில் ஒரு சிறுமி, வயது 12 இருக்கும். நல்ல சாரீரம். ஆனால் மேல் சட்ஜத்தை நெருங்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமுவாள், இருமுவாள். "ஐஸ் தின்னாதே" என்று நானும் வாராவாரம் கண்டிப்பேன். கிறிஸ்மஸ் நெருங்கிய ஒரு மாலையில், பொறுமை இழந்து, "தொண்டை சரியில்லாதவர்கள் பின்வரிசைக்குப் போங்கள்" என்றேன். யாரையும் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவள் ஒருத்திதான் எழுந்து போனாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

அவளைத் தேடி நான் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. அவளிடம் இருந்த பாட்டுப் புத்தகத்தை வாங்கிவரத்தான் போனேன்.

வீட்டுத் திண்ணையில் தாயும் பாட்டியும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். நம் ஜில்லாவில் எத்தனை வீடுகளுக்கு அடுப்பெரிவது அந்தச் சுளகினால் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றிய பீடிகளின் நுனியை மடக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புகையிலைத் தூள் காற்றில் நின்றது. ஐந்து நிமிடத்தில் நானே இருமத் தொடங்கினேன். ஐஸ் எங்கே, நான் எங்கே!

என்னைக் கண்டதும் பிள்ளை உள்ளே ஓடிவிட்டாள். தாய் சொன்னார்: "வகுப்புக்கு வரமாட்டேங்கா சார். ஆனா இங்க நாள் பூரா பாடுதா. அவ பாடுனாத்தான் எங்களுக்குக் கை ஓடும்."

பாட்டியம்மாள் அதட்டி உள்ளிருந்தபடியே அவளைப் பாட வைத்தார். நான் வகுப்பில் கற்பித்த பாட்டுத்தான். ஆனால் நான் ஐந்து கட்டையில் வைத்திருந்ததை அவள் பாட்டியின் குரலுக்கு ஏற்பக் கீழே இறக்கி, ஓர் இருமல் இல்லாமல் முழுவதும் பாடினாள். ஒரு பாவமும் குறையவில்லை. இத்தனை மாதங்கள் நான் கேட்டது அவளுடைய குரலையே அல்ல.

மறுவாரமே சுருதியை இறக்கினேன். மற்ற பிள்ளைகளுக்கும் அதுவே இதமாயிருந்தது. தாயார் தூள் சுளகைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றி, மகளை அந்த வேலையிலிருந்தே விலக்கினார். அது அந்த வீட்டுக்கு வருமானக் குறைவு என்பதை நான் மறக்கவில்லை. அவளோ அந்தக் கிறிஸ்மஸுக்கு வரவில்லை. என்னை மன்னிக்க அவளுக்கு ஈஸ்டர் வரை ஆயிற்று.

தொன் போஸ்கோவைப் பற்றி சலேசிய சபையார் வழிவழியாகச் சொல்லும் நிகழ்ச்சி உங்களில் பலருக்குத் தெரியும். 1841 டிசம்பர் 8, தூரின் நகரம். பூசைக்கு உதவத் தெரியாத ஒரு பையனைக் கோவில் பணியாளர் அடித்துத் துரத்தினார். இளங்குரு தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்தார். பெயர் என்ன, எந்த ஊர், தாய் தந்தை உண்டா என்று கேட்டார். இருவருமே இல்லை. படிக்கத் தெரியுமா? தெரியாது. பாடத் தெரியுமா? தெரியாது. சீட்டியடிக்கத் தெரியுமா? அப்போது பையன் சிரித்தான். எதற்கெல்லாமோ "தெரியாது" என்ற பிள்ளையிடம், அவனுக்குத் தெரிந்த ஒன்றைத் தேடிக் கேட்டாரே, அந்தக் கேள்வியை நான் அந்தச் சிறுமியிடம் கேட்டிருக்க வேண்டும்.

சென்னையிலே மயிலாப்பூரில் ஒரு விடுதி அறையில் இருந்துகொண்டு பியானோவும் கித்தாரும் கற்பித்தவர் தன்ராஜ் மாஸ்டர். பண்ணைப்புரத்திலிருந்து போன ராசய்யாவை "ராஜா" என்று கூப்பிட்டவர் அவரே. 1976-இல் "அன்னக்கிளி" வந்தபோது அந்தப் பெயரின் முன்னால் "இளைய" சேர்ந்தது. மாணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதிலேயே எவ்வளவு இருக்கிறது, பாருங்கள்!

நம் ஊருக்கு வருகிறேன். ஒரு பையன் வீட்டில் பயிற்சியே செய்வதில்லை என்று கடிந்துகொண்டேன். கோவில் வாசலில் அவன் தாயாரோடு பேசியபோதுதான் விளங்கிற்று: தகப்பனார் சிப்காட்டில் இரவு ஷிப்டு, பகலெல்லாம் தூக்கம். ஒற்றை அறை வீட்டில் பிள்ளை எப்படி வாய்திறப்பான்? இப்போது பள்ளி விட்டதும் மண்டபத்தில் அரைமணி பாடிவிட்டுப் போகிறான். இன்னொருவனுக்கு ஆதி தாளம் நிற்காது என்று கைவிட்டிருந்தேன். சிற்றாற்றங்கரையில் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து அவன் அடித்ததைக் கேட்டு அசந்துபோனேன். கோவில் கொடைகளில் நையாண்டி மேளம் அடிக்கும் மாமனிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய கை அது. தாளம் அவனிடம் இருந்தது. என் கணக்குத்தான் அவனுக்குப் புரியவில்லை.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளோடு பழகுவது என்றால் தனியே கூட்டிப்போவதோ, பெற்றோர் அறியாமல் போனில் பேசுவதோ அல்ல. 2012-இல் போக்சோ சட்டம் வந்திருக்கிறது; அது வந்தது நல்லதே. கதவு திறந்த மண்டபம், கூட இரண்டு மூன்று பிள்ளைகள், வீட்டுக்குப் போனால் பெரியவர்கள் இருக்கும் நேரம் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் தவறினால் நீங்கள் கேட்க வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பு முடிந்ததும் பிள்ளையைக் கையோடு இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். பத்து நிமிடம் வாசல் வேப்பமரத்தடியில் நில்லுங்கள். நானும் பெட்டியை மூடிவிட்டு வருகிறேன். மணி ஏழாகப் போகிறது, பிள்ளைகள் பாட எழுந்துவிட்டார்கள். இன்று நான்கு கட்டை.