பலசரக்குக் கடையும் மகமையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது குலத்தார் கடைவீதியால் வளர்ந்தவர் என்பதை இச்சபையில் எடுத்துரைத்தல் மிகை. ஆயினும், அவ்வீதியின் பழைய கோலத்தைக் கண்ணாற் கண்டோர் அருகி வருதலின், விருதுநகர்ப் பலசரக்குக் கடைகளைக் குறித்துச் சில கூற விழைகின்றோம்.

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நயா பைசா வருமுன், ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. 8 ஆழாக்கு ஒரு படி. இக்கணக்கை நாம் பள்ளியிற் படித்ததினும், அன்னையார் ஏவக் கடைக்குச் சென்று கற்றதே அதிகம். புளி, வற்றல், கருப்புக்கட்டி முதலியன ஒருபுறம். சுக்கு, திப்பிலி, வசம்பு ஒருபுறம். சிலேட்டு, பல்பம், பம்பரம், ஊசி, நூல் ஒருபுறம். ஒரு குடும்பத்திற்கு வேண்டுவன யாவும் அச்சிறு இடத்தில் அடங்கியிருந்தன. அண்ணாச்சி காகிதத்தைச் சுருட்டிப் பொட்டலங் கட்டி, மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்துச் சுற்றி அறுப்பார். கொசுறாகக் கிடைக்கும் வெல்லத்துண்டு வீடு வந்து சேர்ந்ததில்லை!

நிற்க. அக்கடையில் நாம் மிகவும் போற்றத்தக்கது சரக்கன்று, மகமையே. வியாபாரம் நடக்குந்தோறும் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கென ஒதுக்குவது நம் முன்னோர் விதித்துக்கொண்ட கட்டளை. வியாபாரிகள் மகமை கொடுத்தனர். தாய்மார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்தனர். இவ்விரண்டினாலும், விருதுபட்டி என அவ்வூர் வழங்கிய 1889-ஆம் ஆண்டில் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. பிற்காலத்தில் காமராஜர் பயின்றதும் அங்கேதான். அரசர் எவரும் அளித்த மானியமன்று; மிளகாய் மூட்டையும் கைப்பிடி அரிசியும் ஈன்ற கல்வி அது.

இந்நாளிலோ, கைபேசியைத் தொட்டால் சரக்கு வாயிலில் வந்து நிற்கின்றது. நம் பிள்ளைகள் கற்று உத்தியோகம் ஏற்றனர், அதனைக் குறைகூறோம். பிள்ளைகள் கல்லாப்பெட்டியை விட்டு எழுந்திருக்க வேண்டுமென்றே முன்னோர் பள்ளி கட்டினர். எனவே, கடைகள் மூடப்படுவதற்காக மட்டும் வருந்துதல் பொருந்தாது. கடையோடு மகமையும் மறைந்தொழியுமாயின், அதுவே நமக்கு நேரும் உண்மையான நஷ்டம். மகமை கடைக்காரருக்கு மட்டும் உரிய கடமை என எண்ணற்க. மாதச் சம்பளம் பெறுவோரும் அதில் ஒரு சிறு பங்கை ஏழை மாணவர் கல்விக்கென முதலிலேயே எடுத்து வைத்தல் கூடாதா?

இன்னும் ஒன்று. வீட்டுப் பரணில் பாட்டனார் பேரேடு கிடந்தால், பழைய காகிதமென்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் மகமைப் பற்று எழுதிய ஏட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தாம் கற்ற கல்விக்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதை அவர்கள் அறியட்டும்.

இறைவன் திருவருள் துணை நிற்பதாக.