வேலையை விட்டு நிற்க வேண்டாம்



திருப்பூரில் மேடை ஏறினால் ஏற்றுமதியைப் பற்றிப் பேசுவார்கள், டாலரைப் பற்றிப் பேசுவார்கள். நான் இன்று ஒரு வாக்கியத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். இங்கே செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் டெய்லராகவும் இருக்கிற பெண்கள் அதைக் கேட்டிருப்பீர்கள். வயிறு வெளியே தெரியத் தொடங்கியதும் சூப்பர்வைசர் வந்து மிக அன்பாகச் சொல்லுவார்: "ஏனம்மிணி, வவுத்துல புள்ளைய வெச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படறே? நின்னுக்கோ. கொழந்தை பொறந்து ஆறு மாசம் கழிச்சு வா, எடம் இருக்கும்."

அந்தப் பெண்ணும் நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு நின்றுவிடுகிறாள். அந்த ஒரு நாளில் அவள் எத்தனையை இழக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். 26 வாரப் பேறுகால விடுப்பின் முழுச் சம்பளம் போகிறது. நாலு வருஷ சர்வீஸ் இருந்தால் அதுவும் அறுந்து போகிறது. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்குக் கிடைக்க வேண்டிய கிராஜுவிட்டிக்கு அவள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். விடுப்பில் போயிருந்தால் அந்த 26 வாரமும் சர்வீஸ் கணக்கில் சேர்ந்திருக்கும். திரும்பி வரும்போது புதுசாகச் சேர்ந்தவளின் கூலியில் உட்கார வைப்பார்கள். ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டதற்கு இவ்வளவு விலை.

சகோதரிகளே, இந்தப் பேறுகாலச் சம்பளம் யாருடைய நல்ல மனசிலிருந்தும் வருவதல்ல. இதற்காகப் போராடியவர்களில் ஒருத்தி நமக்குப் பக்கத்து மலைக்காரி. அவளுடைய கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன்.

அன்றைய கோவை மாவட்டத்தில் மவுண்ட் ஸ்டூவர்ட் என்று ஓர் எஸ்டேட். அங்கே ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு 1967 டிசம்பரில் பிரசவம். அப்போது சட்டம் கொடுத்தது 12 வாரம். முதலாளி என்ன செய்தார்? வாரத்துக்கு ஆறு நாள்தானே வேலை, ஞாயிற்றுக்கிழமை கூலி இல்லாத நாள்தானே என்று கணக்குப் போட்டு 72 நாளுக்கு மட்டும் பணம் கொடுத்தார். அவள் விடவில்லை. வாரம் என்றால் ஏழு நாள், 12 வாரத்துக்கு 84 நாள், மீதிப் பன்னிரண்டு நாள் கூலி எங்கே என்று கோவை தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனாள். அங்கே ஜெயித்தாள். முதலாளி சென்னை உயர் நீதிமன்றம் போனார். ஒற்றை நீதிபதியிடம் அவள் தோற்றாள். இரண்டு நீதிபதிகள் அமர்வில் மறுபடி ஜெயித்தாள். முதலாளி தில்லி வரைக்கும் போனார். 1977-இல் உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது: வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள்தான்.

பிறந்த குழந்தைக்கு அப்போது பத்து வயசு ஆகப் போகிறது. பன்னிரண்டு நாள் தோட்டக் கூலி எவ்வளவு இருந்திருக்கும்? அந்தச் சொற்பக் காசுக்காக ஒருத்தி பத்து வருஷம் விட்டுக்கொடுக்காமல் நின்றாள். இன்று இந்தியாவில் எந்த அலுவலகத்தில் எந்தப் பெண் பேறுகால விடுப்பில் போனாலும், அவளுடைய ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம் நம் கோவை மாவட்டத்துப் பெண் வாங்கிக் கொடுத்தது. ஊருக்கு ஊர் யார் யாருக்கோ சிலை இருக்கிறது. இவளைப் பாடப் புத்தகத்திலாவது வைத்திருக்க வேண்டாமா?

சரி, இப்போது சட்டம் என்ன சொல்கிறது? 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு 12 வாரம் 26 வாரமானது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. சட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது, உரிமை மாறவில்லை. இதைச் சொல்லி உங்களைக் குழப்புகிறவர்கள் இருப்பார்கள், ஏமாற வேண்டாம்.

பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். பீஸ் ரேட்காரர்களும் கவனியுங்கள்: விடுப்பில் போவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த நாட்களின் சராசரிக் கூலிதான் கணக்கு. பிரசவத்துக்கு முந்தைய பகுதியை, கர்ப்பத்துக்கான சான்றைக் காட்டியதும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். குழந்தை பிறந்த சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் மீதியைக் கொடுக்க வேண்டும்.

கரு கலைந்துபோன பெண்ணைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. வீட்டில்கூட மூன்றாம் நாள் எழுந்து வேலைக்குப் போ என்கிறோம். சட்டம் அவளுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்கிறது. குறைப் பிரசவமோ, பிரசவத்தால் வந்த நோயோ இருந்தால் மேலும் ஒரு மாதம். வேலைக்குத் திரும்பிய பிறகு, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் தினமும் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். இந்த ஊரில் எத்தனை கம்பெனியில் அந்தக் காப்பகம் திறந்திருக்கிறது, எத்தனையில் பூட்டிக் கிடக்கிறது என்று என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்க முடியாது. நீக்கினால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதனால்தான் அவர்கள் நீக்குவதில்லை; "நின்னுக்கோ" என்கிறார்கள். நீங்களே கையெழுத்துப் போட்டு நின்றால் வழக்குக்கு வழியில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

"நான் காண்ட்ராக்ட், எனக்கெல்லாம் கிடையாது" என்று சொல்லும் சகோதரிகளுக்கு இரண்டு தீர்ப்புகள். தில்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு வேலை செய்த பெண்களுக்கும் இந்த விடுப்பு உண்டு என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் மகப்பேறுப் பலன் தொடர வேண்டும் என்று ஒரு மருத்துவரின் வழக்கில் 2023-இல் சொன்னது. காண்ட்ராக்ட் அல்லாதவர்களுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு: 2025-இல் தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கு. முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு குழந்தைகள் அந்தக் கணவரிடம் வளர்கிறார்கள். மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்பு இல்லை என்றது நம் மாநில அரசு. அதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பேறுகால விடுப்பு ஒரு பெண்ணின் உயிர்வாழும் உரிமையோடு சேர்ந்தது என்று சொல்லிவிட்டது.

முதலாளிகள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 26 வாரச் சம்பளத்தை ஒரு சின்ன கம்பெனி தனியாகச் சுமந்தால், அடுத்த முறை கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கும். 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், எனவே சுமையின் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகியும் நாம் அங்கே போய்ச் சேரவில்லை. ஈ.எஸ்.ஐ. மட்டும்தான் அந்த வழியில் நடக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு அந்த 26 வாரப் பணத்தை ஈ.எஸ்.ஐ. நிதியே கொடுக்கிறது, முதலாளி தன் கையிலிருந்து கொடுப்பதில்லை. அப்படியிருந்தும் நின்னுக்கோ என்று ஒரு கம்பெனி சொன்னால் அதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

இன்னொரு அநீதியும் இருக்கிறது. தமிழக அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு விடுப்பு. மகிழ்ச்சி, வரவேற்கிறேன். அதே தெருவில் பனியன் கம்பெனிப் பெண்ணுக்கு 26 வாரம். வீட்டிலேயே பீஸ் வாங்கிப் பிசிறு வெட்டுகிற பெண்ணுக்கு விடுப்பே கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி உண்டு, கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது.

குழந்தையின் தகப்பனுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் கம்பெனி என்றால் சட்டப்படி ஒன்றுமில்லை. மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலும், குழந்தை டெங்குக் காய்ச்சலில் கிடந்தாலும், இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்று சேர்கிற விடுப்பைத்தான் கரைக்க வேண்டும். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் இனி உரக்கக் கேட்க வேண்டும். அதில் ஆண்கள் முன்னால் நிற்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் யாராவது இப்போது கர்ப்பமாக இருந்தால், எந்தத் தேதியிலிருந்து விடுப்பு என்று எழுதி, ஒரு நகலில் கம்பெனியின் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரசவத்துக்கு முன் எழுத முடியாமல் போயிருந்தாலும் பரவாயில்லை, பிறகு எழுதலாம். அதற்காக உரிமை போய்விடாது. எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், ராஜினாமாக் கடிதத்தில் நிச்சயமாகப் போடாதீர்கள். எழுதத் தயக்கமாக இருந்தால், கூட்டம் முடிந்ததும் நானும் சங்கத் தோழர்களும் வாசலருகே மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். வந்து சொல்லுங்கள், எழுதித் தருகிறோம்.