தானே கற்றலும் ஆசிரியர் துணையும்

(ஆங்கில ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



நம் நாட்டில் உயர்கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும் ஆங்கிலம் ஒரு வாயிலாக இருந்து வருகிறது. ஆயினும், 2022ஆம் ஆண்டின் 'அசர்' ஊரகக் கல்வி ஆய்வின்படி, எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் ஐந்தாம் வகுப்பில் 24.5 சதவீதம், எட்டாம் வகுப்பில் 46.7 சதவீதம். 2016ஆம் ஆண்டு நிலையிலிருந்து இது பெரிதும் மாறவில்லை.

அதே 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியாயிற்று. இத்தகைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மாணவர்தம் தற்கற்றலுக்கு உதவுமா என்பது குறித்து ஆசிரியரிடையே இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன.

வீட்டில் ஆங்கிலம் பேசிப் பழக ஆளில்லாத மாணவனுக்கு இது பெருந்துணை என்பர் ஒரு சாரார். அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரையும் பேச வைக்க இயலாது. கருவியோ, எத்தனை முறை தவறினாலும் நகைப்பதில்லை. மாணவன் செய்ய வேண்டிய சிந்தனையைக் கருவியே செய்துவிடுகிறது என்பர் மறு சாரார். இரண்டும் உண்மையே.

ஓர் எடுத்துக்காட்டு: 'ஐ ஆம் நோயிங் ஹிம்' என்று மாணவன் எழுதுகிறான். கருவி அதனை 'ஐ நோ ஹிம்' எனத் திருத்தித் தருகிறது. வாக்கியம் சரியாயிற்று, மாணவன் கற்றது என்ன? 'திருத்தாதே, பிழை எங்குள்ளது என்று மட்டும் சுட்டு' எனக் கேட்க அவன் பழகியிருந்தால், காரணத்தைத் தானே தேடியிருப்பான். அவ்வாறு கேட்கக் கற்பிப்பது ஆசிரியர் பணியாகும்.

மற்றோர் இடரும் உண்டு. கருவி தவறான விளக்கத்தையும் தயக்கமின்றிக் கூறும். ஆங்கிலம் அறிந்தவன் அதனைக் கண்டுகொள்வான், அறியாதவன் நம்பிவிடுவான். உதவி மிகுதியாகத் தேவைப்படுபவனே எளிதில் ஏமாறக்கூடியவனும் ஆவான். எனவே, தனியே கற்பவனுக்கும் ஆசிரியர் இன்றியமையாதவர்.

முதற்படியை மாணவன் தன் கையால் எழுதட்டும். கருவி சுட்டியதை அகராதியிலும் இலக்கண நூலிலும் ஒப்புநோக்கட்டும். வாரம் ஒருமுறை, தான் ஏற்ற திருத்தத்திற்குக் காரணத்தை வகுப்பில் கூறட்டும்.

கல்வித்துறை அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கைபேசி இல்லாத மாணவர்க்குப் பள்ளிக் கணினியில் நேரம் ஒதுக்குங்கள். கருவிகளை வாங்குமுன் ஆசிரியர்க்குப் பயிற்சி அளியுங்கள். அவர்தம் கருத்தையும் கேளுங்கள். இல்லையேல், வசதியுள்ளோர் முன்னேற, ஏனையோர் மேலும் பின்தங்குவர். அந்த இடைவெளியைக் குறைப்பதே நம் நோக்கமாதல் வேண்டும்.